பெருமீனும் குழம்பு மீனும்



பெருமைக்காகப் பிடிப்பவர், சாப்பாட்டுக்காகப் பிடிப்பவர் என்ற இரு தரப்பின் விருப்பத்தையும் அனுசரித்து ஒரு நீர்நிலையை எப்படி நிர்வகிப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெளிநாட்டு ஏரிகளையும் வேட்டை மலைகளையும் வைத்து இதைப் பேசலாம். போகிற வழியில் அவற்றையும் தொடுகிறேன். ஆனால் நம் வாசலிலேயே ஓடுகிற காவிரியில் இந்தக் கதை முழுதாக நடந்து முடிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1919-ல் ரிவெட்-கார்னாக் என்ற ராணுவ மேஜர் காவிரியில் தூண்டிலில் பிடித்த மஹசீர் மீனின் எடை 119 பவுண்டு. 1946-ல் அதன் கிளை நதியான கபினியில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. அதாவது 54 கிலோ. வான் இங்கன் குடும்பம் மைசூரில் இருந்தது. மகாராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சுட்ட புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து கொடுப்பதுதான் அவர்கள் தொழில். காட்டு விலங்கை எடையாலும் நீளத்தாலும் அளந்து, பேர் எழுதிச் சுவரில் மாட்டிய ஒரு காலத்தின் பட்டறை அது. அந்தக் கணக்கில்தான் இந்த மீனும் வந்தது.

அதே ஆற்றங்கரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. வலை, பரிசல், தூண்டில், சந்தை, குழம்பு. ஒரு குடும்பத்துக்கு இன்றைக்கு எத்தனை கிலோ, நாளைக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அதை யாரும் சுவரில் மாட்டவில்லை. பெரும்பாலும் எழுதிக்கூட வைக்கவில்லை. 120 பவுண்டு மீனுக்குத் தேதியும் ஆளும் இடமும் பதிவாகியிருக்கின்றன. அதே ஆண்டில் காவிரிக்கரை ஊர்களில் எத்தனை டன் மீன் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஏடு கிடையாது. ஒரு தரப்பு எழுதுகிறது, இன்னொரு தரப்பு எழுதப்படாமல் போகிறது. மீன் நிர்வாகத்தில் நான் பார்க்கும் முதல் கோளாறு இதுதான்.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்தவர். 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற தூண்டில் நூலை எழுதினார். மஹசீர் பிடிப்பதில் பித்தர். ஆனாலும் அவர் அரசிடம் வாதாடியது, குஞ்சுமீனை வாரி எடுக்கும் சின்னக் கண்ணி வலைகளையும் அடைப்புகளையும் நிறுத்தச் சொல்லி. அதற்கு அவர் சொன்ன காரணம் உணவு. குஞ்சை விட்டால் பல மடங்கு எடையாகத் திரும்பி வரும், மக்கள் சாப்பிடலாம் என்றார். 1897-ல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்து மீன் கொல்வதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய் பெரிய தொகை. அதன் பிறகும் காவிரியில் தோட்டா போடுவது நிற்கவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கும் தெரியும்.

இந்த இரண்டு விருப்பங்களும் ஏன் மோதுகின்றன என்பதை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் இளமையில் வேகமாக வளரும். ஒரு கட்டத்துக்கு மேல் தின்னும் இரை உடம்பைப் பெருக்குவதற்குப் போகாமல் முட்டைக்கும் பிழைப்புக்கும் போய்விடும். எனவே ஒரு ஆற்றிலிருந்து அதிக கிலோ எடுக்க வேண்டுமானால், வளர்ச்சி தளரத் தொடங்கும் வயதில், நடுத்தர அளவில் பிடித்துவிடுவது லாபம். 40 கிலோ மீன் வேண்டுமானால் அதே நடுத்தர மீன்களை ஆண்டுக்கணக்காகத் தொடாமல் விட வேண்டும். அவற்றில் பல வேறு காரணங்களால் செத்துப்போகும். மிஞ்சும் சில மட்டும் பெருமீனாகும். ஒரே நீரில் இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

அதனால்தான் அளவு வரம்புகள் வந்தன. டெக்சாஸில் லேக் ஃபோர்க் என்று ஒரு அணைக்கட்டு ஏரி. அங்கே பாஸ் மீனுக்கு 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட அளவில் எதைப் பிடித்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே உள்ளதைச் சாப்பிட எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே நாளுக்கு ஒன்று. முட்டையிடும் வயதுக்கு வந்து, பெருமீனாகும் பாதையில் இருக்கும் நடுப்பகுதியைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது. அமெரிக்காவில் பல ஏரிகளில் இப்படிப்பட்ட விதிகள் எதிர்பாராத விதத்தில் முடங்கின. பிடித்ததையெல்லாம் திரும்ப விடுவது தூண்டில்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சின்ன மீனைச் சாப்பிட யாரும் எடுத்துப்போகவில்லை. சின்ன மீன்கள் நெருக்கியடித்து, இரை போதாமல் வளர்ச்சி குன்றின. சாப்பிடுகிறவர் இல்லாவிட்டால் பெருமீனும் வராது என்ற பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. வலைக்காரரைப் பகையாகவே பார்க்கும் சில இயற்கை ஆர்வலர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது காவிரிக்கு வருகிறேன். 1977-78-ல் மூன்று ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் வந்து, கர்நாடகத்தில் இன்னும் பெருமஹசீர் உயிரோடிருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன் அந்த மீன் அழிந்துவிட்டதாகவே பலர் நம்பினார்கள். அதன் பிறகு பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்களி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் வளர்ந்தன. 1972-ல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு நீண்ட பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களையே காவலர்களாகவும் தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டிகளாகவும் வேலைக்கு வைத்தார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, படமெடுத்து, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது முகாம் விதி. வெளிநாட்டுக்காரரின் பணம் உள்ளூர் வீட்டுக்குப் போனது. தோட்டா போடுவது அந்தப் பகுதியில் குறைந்தது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

மீன் எண்ணிக்கை போதவில்லை என்று ஆற்றில் குஞ்சு விட்டார்கள். மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே டாடா மின் நிறுவனத்தின் ஏரிகளை ஒட்டி ஒரு மீன் பண்ணை இருக்கிறது. அங்கே நீலத்துடுப்பு மஹசீரைச் செயற்கையாகக் கருவுறச் செய்து லட்சக்கணக்கில் குஞ்சு வளர்க்கக் கற்றார்கள். அருமையான அறிவியல் வேலை அது. அந்தக் குஞ்சுகள் காவிரிக்கும் வந்தன. நன்றாகப் பிழைத்தன. எல்லோருக்கும் திருப்தி. தூண்டில்காரருக்கு நாளுக்கு நாலு மீன் கடித்தது, வலைக்காரருக்கும் கிலோ கூடியது. இரு தரப்பின் விருப்பமும் ஒரே செயலால் நிறைவேறிய அபூர்வமான தருணம் அது.

ஆனால் காவிரியின் பழைய பெருமீன் நீலத்துடுப்பு அல்ல. அது ஆரஞ்சுத் துடுப்பு. தலைக்குப் பின்னால் திமில் போல முதுகு எழும்பி நிற்கும். திமில் மஹசீர். 1946-ன் மீன் அந்த வகை. அதற்கு அறிவியலில் முறையான பெயர்கூட நெடுநாள் இல்லை.

காலிபோர் முகாமில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை, 23,000 மணி நேரத்துக்கு மேல், 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளை எடுத்து ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் நல்ல செய்தி. மணிக்கணக்குக்குப் பிடிபடும் மீன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. சராசரி எடை குறைகிறது. அப்படியானால் இளமீன்கள் நிறைய வருகின்றன, இனம் பெருகுகிறது என்று பொருள்.

துடுப்பின் நிறத்தை வைத்துப் பிரித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பெருகியது நீலத்துடுப்பு. ஆரஞ்சுத் துடுப்பு ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டு வந்தது. பிடிபட்ட சிலவற்றின் எடையோ கூடிக்கொண்டே போனது. தூண்டில்காரருக்கு அது கொண்டாட்டமான செய்தி: குறைவாகத்தான் மாட்டுகிறது, மாட்டினால் பெரிதாக மாட்டுகிறது. படத்துக்கு நிற்க அதைவிட நல்ல மீன் வேண்டுமா? ஆனால் ஒரு கிராமத்தில் சராசரி வயது ஏறிக்கொண்டே போனால், ஊர் வளமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டோம்; அங்கே பள்ளிக்கூடம் மூடப்பட்டிருக்கும். ஆரஞ்சுத் துடுப்புக்கு நடந்தது அதுதான். குஞ்சு வரவில்லை. பழைய மீன்கள் மட்டும் வயதேறி, எடையேறி, ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

இதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனது கலங்குகிறது. நல்ல மனிதர்கள், ஆற்றை நேசித்தவர்கள், கையில் நோட்டோடு, பதினைந்து ஆண்டுகள் அந்த மீனை எடை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெருமீனைத் தேடுகிறவர் பெருமீனைத்தான் பார்ப்பார். கிலோவைத் தேடுகிறவர் கிலோவைத்தான் பார்ப்பார். அரைக்கிலோ ஆரஞ்சுத் துடுப்பு படத்துக்கும் உதவாது, சந்தையில் தனி விலையும் பெறாது. அது இல்லாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. நான் இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான்: இரு தரப்பையும் சமன் செய்வது நிர்வாகத்தின் பாதி வேலை. இரு தரப்பும் தேடாத இளமீனை எண்ணுவது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்ய யாரையும் நாம் நியமிக்கவில்லை.

நீலத்துடுப்பை விட்டதுதான் காரணமா என்று கேட்பீர்கள். ஆய்வாளர்கள் அதை வலுவாகச் சந்தேகிக்கிறார்கள். அணைகள், மணல் அள்ளுதல், தோட்டா, கழிவுநீர் எல்லாமும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. மழைக்காலத்தில் மேல்நோக்கி ஏறிப்போய் முட்டையிடும் மீனுக்கு அணை ஒரு சுவர். மேட்டூர் அணை 1934-ல் முடிந்த பிறகு, கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் மேலே போக முடியாமல் அந்தத் தொழிலே படுத்தது. அந்த அனுபவம் இருந்தும் நாம் பாடம் படிக்கவில்லை.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற விளக்கத்தின் பேரில், 2012 வாக்கில் முகாம்களில் தூண்டில் நின்றது. தூண்டில் நின்றதோடு காவலும் நின்றது, நோட்டும் நின்றது. தோட்டாவும் திருட்டு வலையும் திரும்பி வந்தன என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். மீனைத் துன்புறுத்தாமல் விட வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் வழிகாட்டியாக இருந்தவரின் வருமானத்துக்கு மாற்று யோசிக்காமல், யார் எண்ணுவார் என்றும் யோசிக்காமல் கதவைச் சாத்தினார்கள். நீர்நிலையை ஒரு பகுதியில் மூடினால் கீழே உள்ள பகுதியில் என்ன ஆகும் என்று மீனவர் யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஆரஞ்சுத் துடுப்புக்குப் பெயர் கிடைத்தது 2018-ல். அமராவதியின் தலைப்பகுதியான பாம்பாற்றில் கிடைத்த சில சின்ன மீன்களை வைத்து 2007-ல் கேரள ஆய்வாளர்கள் ‘டோர் ரெமாதேவி’ என்று ஒரு புதிய இனத்தை விவரித்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் மீனியல் அறிஞராக இருந்த ரெமாதேவி அவர்களின் பெயர் அது. இளமீன்களில் திமில் தெரியாததால் இதுதான் காவிரியின் பெருமீன் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மோயாற்றில் கிடைத்த ஆரஞ்சுத் துடுப்பு மீன்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று உறுதியானது. அதே ஆண்டு உலக அளவில் மிக அருகிப்போன இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

ஒகேனக்கல்லில் மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மா ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். சுற்றுலா வந்தவர்கள் பரிசல் துறைப் பக்கம் மீன் வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அரிவாள்மனையில் செதில் தேய்த்து, வயிற்றைக் கிழித்து, இரு பக்கமும் சாய்வாகக் கீறல் போட்டு, மிளகாயும் இஞ்சி பூண்டும் உப்பும் சேர்த்த விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தடவிக் கல்லில் போடுவார். எந்த அளவு மீன் உங்களுக்குத் தோது என்று கேட்டேன். “அரைக்கிலோ, முக்கால் கிலோ வந்தா முழுசாப் போட்டுடலாங்க ஐயா. அதுக்கு மேல போனா கல்லுல உள்ள வேகாது. துண்டு போட்டா சனங்களுக்குப் பிடிக்கறதில்ல” என்றார். பெரிய மீன் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். “பெருசை ஓட்டல்காரங்க எடுத்துப்பாங்க. இங்க யாரு கேக்கறாங்க?”

என் கருத்தில் இந்தப் பிரச்சினையின் சாவி அவர் கல்லில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிடிப்பவருக்கு வேண்டியது தட்டு அளவு மீன். பத்து கிலோவுக்கு மேலான மீன் ஆண்டுக்கு ஓரிரண்டு முறை அவர் வலையில் விழலாம். அதை விட்டுவிடச் சொன்னால் ஆண்டு வருமானத்தில் பெரிய குறை வராது. வரும் குறையை அரசு ஈடு செய்யலாம். ஆனால் ஆற்றுக்கு அந்த ஒரு மீனின் மதிப்பு வேறு. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பல கடல்மீன் இனங்களை எடுத்துப் பார்த்தது. அதில் 30 கிலோ எடையுள்ள ஒரு காட் பெண்மீன், தலா இரண்டு கிலோ எடையுள்ள 28 பெண்மீன்கள் சேர்ந்து இடும் முட்டையைவிட அதிகம் இடும் என்று கண்டார்கள். அந்த 28-ன் மொத்த எடை 56 கிலோ. எடை கூடுவதைவிட வேகமாக முட்டை கூடுகிறது. மஹசீருக்கு இதே எண் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, போக்கு பொருந்தும் என்று நம்புகிறேன்.

பெரியதையே தேர்ந்தெடுத்துப் பிடித்தால் இனமே சிறுத்துப்போகும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் கோனோவர், மன்ச் என்ற இருவர் சிறு கடல்மீன் ஒன்றைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். ஒரு தொகுதியில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரியவற்றை எடுத்தார்கள், இன்னொன்றில் சிறியவற்றை. நாலே தலைமுறையில் முதல் தொகுதியின் சராசரி எடை இரண்டாவதில் பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. கனடாவில் ராம் மலையில் காட்டு ஆட்டுக் கிடாக்களைக் கொம்புக்காகவே சுட்டுவந்த இடத்தில், முப்பது ஆண்டுகளில் கொம்பு சிறுத்ததை 2003-ல் பதிவு செய்தார்கள். கொம்பு வேகமாக வளரும் கிடா, இனப்பெருக்கத்தில் முழுப் பங்கு பெறும் முன்பே சுடப்பட்டது. பெருமையைத் தேடியவர்களே பெருமைக்குரியதை மெலியச் செய்தார்கள். இதில் குற்றவாளி என்று ஒருவரைச் சொல்ல முடியாது. வேட்டை விதி அப்படி எழுதப்பட்டிருந்தது.

ஆற்றங்கரையில் வணங்கிக் காப்பவர்களும் உண்டு. சிருங்கேரியில் துங்கை படித்துறையிலும், காவிரியின் மேல்பகுதியில் ராமநாதபுராவிலும் கோயிலை ஒட்டி மஹசீரை யாரும் தொடுவதில்லை. பெருமீனைச் சாகாமல் வைத்துக்கொள்ள மிகப் பழைய ஏற்பாடு இது. அங்கே பொரி போடும் பக்தரையும் நிர்வாகப் பேச்சில் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கேட்பவை சில. தமிழ்நாடு 2022-ல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. அக்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். ஆறு இரு மாநிலத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. மீனுக்கு எல்லை கிடையாது என்பதால் இரு அரசும் ஒரே அளவு விதி வைக்க வேண்டும். சரணாலயத்துக்கு வெளியே, மீன்பிடிக்க உரிமை உள்ள நீரில், வலைக்கண்ணிக்குக் கீழ்வரம்பும் மஹசீருக்கு மேல்வரம்பும் சேர்ந்து இருக்கட்டும். ஆரஞ்சுத் துடுப்பு எந்த அளவில் வந்தாலும் விடப்பட வேண்டும். விடுகிற மீனவருக்கு அன்றைய சந்தை விலையை அங்கேயே கொடுக்க வேண்டும். நட்டத்தை ஏழை தாங்கச் சொல்லிப் பெருமையை வேறொருவர் எடுத்துக்கொள்ளும் எந்த ஏற்பாடும் நிலைக்காது. நீலத்துடுப்புக் குஞ்சைக் காவிரி நீரில் விடுவதை உடனே நிறுத்த வேண்டும். சாப்பிட அந்த மீன் ஏற்கெனவே போதுமான அளவு ஆற்றில் இருக்கிறது, அதைத் தாராளமாகப் பிடிக்கட்டும்.

தூண்டில்காரர்களைத் திரும்ப அழைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சட்டம் இடம் கொடுக்கும் நீரில், உள்ளூர்ச் சங்கத்தின் கட்டுப்பாட்டில், கட்டணம் ஊருக்கே போகிற ஏற்பாட்டில் அழைக்கலாம் என்பேன். நான் வலைக்காரர் பக்கம் நின்று பழகியவன். ஆனாலும் காலிபோர் நோட்டு இல்லாவிட்டால் நமக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது என்பதை மறுக்க முடியாது.

மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் காடுகள் வழியே ஓடிப் பவானிசாகரில் சேர்கிறது. அங்கே இன்னும் இளம் ஆரஞ்சுத் துடுப்பு கிடைக்கிறது என்றால் அந்த ஆற்றில் எதைச் செய்வதற்கு முன்னும், நீர் திறக்கும் நேரத்தை மாற்றுவதாக இருந்தாலும், அந்தக் குஞ்சுகளைக் கேட்டுச் செய்ய வேண்டும். மேட்டூரிலும் பவானிசாகரிலும் மீன் எடை போடும் இடங்களில் ஏடு ஏற்கெனவே இருக்கிறது. மஹசீர் என்று மொத்தமாக எழுதும் இடத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். ஒன்று துடுப்பின் நிறம். இன்னொன்று ஒரு கிலோவுக்குக் கீழே எத்தனை என்பது. எழுத வேண்டியவர் எடை போடுபவர், சொல்ல வேண்டியவர் மீனவர். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் வரும் மழைக்காலத்தில் அந்த இரண்டு கட்டத்தோடு அங்கே போய் உட்கார முன்வந்தால், அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேசுபவருக்கு என்னைவிடச் சொல்ல நிறைய இருக்கும்.